15,000 ரூபாய்க்குள் ஒரு பேஸ் கிடார்: செலவு நெக்கில் தொடங்கட்டும்

லிங்கராஜபுரத்தில் சர்ச் பாடகர் குழுவோடு வாசிக்கவும், அல்சூர், சிவாஜிநகர் பக்கம் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கவும் வேண்டிய பேஸ் ஒன்றேதான். நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (அதாவது அதிரும் கம்பியின் நீளம்), இரண்டு மணி நேரம் வாசித்தாலும் சுருதி விலகாத நெக் (கம்பிகள் ஓடும் நீளக் கழுத்து), அதில் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் எதில் வைத்தாலும் கடகடக்காமல் பேசும் கம்பி. பெங்களூரில் இதை 15,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். ஆனால் மலிவான பேஸ் கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருளை) மாற்றுவது. அது கடைசியில் யோசிக்க வேண்டிய செலவு. விரல் வலிப்பதும், முதல் சில ஃப்ரெட்டுகளில் சுருதி கூடுவதும், மேலே போகும்போது கம்பி கடகடப்பதும் பிக்கப்பால் வருவதில்லை. நெக், நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளத் துண்டு), ஃப்ரெட் இந்த மூன்றும் சரியானால், பழைய பிக்கப்பே போதும் என்று தோன்றிவிடும்.

இங்கே பதிவு செய்திருப்பது பழைய பி-ஜே பேஸ் ஒன்றில் நடந்த வேலை. பி, ஜே இரண்டும் பிக்கப் வகைகள்: முன்னால் பிளந்த பி பிக்கப், பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் தகடு) பக்கம் ஒற்றை ஜே பிக்கப், பேட்டரி இல்லாத பாஸிவ் வயரிங். விலை 10,500. புதிய ஸ்டிரிங் செட் ஏறத்தாழ 2,000. கருவிகள், உதிரிகள், செப்பு டேப் எல்லாம் சேர்த்து இன்னொரு 1,800.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியது

பழைய பேஸ்களில் யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் வரிசை, ஸ்குவையர் அஃபினிட்டி, கோர்ட் ஆக்‌ஷன் ஆகியவற்றை நம்பிப் பார்க்கலாம். ஆனால் பெயரைவிட அந்த ஒரு பேஸ் கட்டையின் நிலைமைதான் முக்கியம். ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் இரண்டு விளிம்புகளையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் பிரச்சினை இல்லை, நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடு பார்த்துக்கொள்ளும். ஒரு விளிம்பு நேராகவும் மற்றது வளைந்தும் தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு பேஸ் வாங்கிவிடலாம்.

அடுத்தது ட்ரஸ் ராடு. "அண்ணா, ஆலன் கீ போட்டு லேசா திருப்பிப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிடிமானம் தெரிய வேண்டும். சும்மா சுற்றினாலோ, இறுகும் பக்கம் இனி நகரவே இடமில்லை என்றாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கீ அளவிலும் கவனம் தேவை. 4 மி.மீ., 5 மி.மீ., 16-இல் 3 அங்குலம் மூன்றுமே புழக்கத்தில் உள்ளன. 16-இல் 3 அங்குலம் என்பது 4.76 மி.மீ. அதில் 5 மி.மீ. கீ நுழையாது, 4.5 மி.மீ. கீ நுழைந்து முனைகளை மழுக்கிவிடும். மழுங்கிய ட்ரஸ் ராடு திருகு முனைக்கு வைத்தியம் பார்ப்பது பெரிய வேலை.

15-ஆவது ஃப்ரெட்டைத் தாண்டி, நெக் உடலோடு சேரும் பகுதி மேல்நோக்கி எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை ட்ரஸ் ராடால் இறக்க முடியாது. ஃப்ரெட்டுகளை அரத்தால் இறக்கித்தான் தீர வேண்டும். பிரிட்ஜ் சேடில்களின் (ஒவ்வொரு கம்பியையும் தனியாகத் தாங்கும் துண்டுகளின்) குட்டி ஸ்க்ரூக்களில் துரு இருக்கிறதா என்பதும் முக்கியம். சென்னையில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்த பேஸ்களில் உப்புக்காற்றின் துரு சாதாரணம். அதே பேஸ்களில் இன்னொன்றும் தெரியும்: இங்கே பிப்ரவரி, மார்ச் வறட்சியில் மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் நெக் ஓரத்தில் கையைக் கிழிக்கும். இது அரை மணி நேர அர வேலை, பேரம் பேச நல்ல காரணம்.

ஜி கம்பியில் (தடித்ததிலிருந்து மெல்லியது வரை வரிசை இ, ஏ, டி, ஜி) 5 முதல் 7 வரையுள்ள ஃப்ரெட்டுகளில் ஏதோ ஒரு ஸ்வரம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடங்கினால் பயப்பட வேண்டாம். போல்ட் போட்ட நீள நெக் உள்ள விலையுயர்ந்த பேஸ்களிலும் அது உண்டு. அந்த ஒரு காரணத்துக்காக நல்ல கட்டையை விடாதீர்கள்.

கருவிகள்

ஃபீலர் கேஜ் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஜே.சி. ரோடு ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகளில், மெக்கானிக்குகள் டாப்பெட் இடைவெளி பார்க்க வாங்கும் அதே கேஜ்தான். அரை மி.மீ. கோடுள்ள ஸ்டீல் ஸ்கேல், 1.5 மி.மீ. ஆலன் கீ, காப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), மெல்லிய உருண்டை அரம், தட்டை அரம், 400 முதல் 2000 வரை நீர் உப்புத்தாள், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன். எலெக்ட்ரானிக் சாமான் அனைத்தும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.

வந்த நிலையில் எடுத்த அளவு: முதல் ஃப்ரெட்டில் காப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, 8-ஆவது ஃப்ரெட்டில் இ கம்பிக்கு அடியில் 0.9 மி.மீ. இடைவெளி. 17-ஆவது ஃப்ரெட்டில் இ கம்பி உயரம் 3.4 மி.மீ., ஜி கம்பி 2.9 மி.மீ. இ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் சுருதி 18 சென்ட் (சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) அதிகம். பிரிட்ஜுக்கும் கேபிள் செருகும் ஜாக்கின் வெளி முனைக்கும் இடையே மல்டிமீட்டர் தொடர்பே காட்டவில்லை. தொடங்கும் முன் இப்படி எழுதி வைத்துக்கொள்வது அவசியம். ஒன்றைத் திருப்பினால் மற்ற அளவுகளும் மாறும் கருவி இது.

கம்பி கழற்றிய நிலையில்: ஃப்ரெட்டும் வயரிங்கும்

கம்பிகளைக் கழற்றி, ட்ரஸ் ராடைத் தளர்த்தி நெக்கை நேராக்கிய பிறகே ஃப்ரெட் பார்க்க வேண்டும். வளைந்த நெக்கில் உயரமான ஃப்ரெட் எது என்று சொல்லவே முடியாது. சிறிய ஸ்டீல் ஸ்கேலின் நேர் விளிம்பை மூன்று ஃப்ரெட் மேல் வைத்துப் பார்த்தால், நடு ஃப்ரெட் உயரமாக இருக்கும் இடத்தில் ஸ்கேல் ஆடும். இந்த பேஸில் 14-ஆவது ஃப்ரெட், டி, ஜி கம்பிகளின் கீழே ஆடியது. அரத்தை எடுக்கும் முன் ஒரு மரக்குச்சியால் அந்த ஃப்ரெட்டை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது இறங்கி, விட்டதும் எழும்பினால் அது உயரமான ஃப்ரெட் அல்ல, பள்ளத்திலிருந்து கிளம்பிய ஃப்ரெட். இங்கே அதுதான் நடந்திருந்தது. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, மரத்துண்டு வைத்து கிளாம்பால் அழுத்தி வைத்ததும் சரியாயிற்று. அரத்தால் தேய்த்திருந்தால் நல்ல உலோகம்தான் வீணாகியிருக்கும்.

ஃப்ரெட்டைப் பளபளப்பாக்க இரும்புக் கம்பளி போடுவதானால் பிக்கப்புகளை டேப்பால் மூடுங்கள். தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

வயரிங்கில் பழைய வால்யூம் பாட்டுகள் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்கள்) கரகரத்தன. பாஸிவ் பேஸுக்கு வழக்கம் 250 கே, அதாவது 250 கிலோ ஓம். நம் ஊர் எலெக்ட்ரானிக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 220 கே, 470 கே. 220 கே தாராளமாகப் போதும். பாட்டுகளில் 20 சதவீத ஏற்ற இறக்கம் சகஜம், 250 என்று அச்சிட்டதே 220 காட்டலாம். முக்கியம், எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து. 'ஏ' என்றால் லாக் (லாகரிதமிக்), 'பி' என்றால் லீனியர். டோனுக்கு 'பி' போட்டால் குமிழின் கடைசி கொஞ்ச தூரத்தில்தான் எல்லா மாற்றமும் நடக்கும். இன்னொன்று, மலிவு பேஸ்களில் குமிழ் துளை சிறியது. பெரிய அமெரிக்க பாட்டின் கழுத்துக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும். உடல் 16 மி.மீ. மட்டுமே உள்ள, கழுத்தும் சிறிய பாட் வாங்கினால் மரத்தைத் துளைக்க வேண்டியதில்லை.

டோன் கெபாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர். மேலே 473 என்று எழுதியிருக்கும். வோல்டேஜ் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. 'வின்டேஜ்' என்ற பெயரில் விற்கும் விலையுயர்ந்த கெபாசிட்டர் இங்கே தேவையில்லை.

பாட்டின் முதுகில் கிரவுண்ட் வயரை (இரைச்சலை வடிக்கும் பொது இணைப்பை) ஈயத்தால் பற்றவைக்க 25 வாட் அயர்ன் திணறும். நீண்ட நேரம் வைத்தால் உள்ளே கார்பன் தடம் வெந்துவிடும். முதுகை உப்புத்தாளால் சுரண்டி, 60 வாட்டில் மூன்று நான்கு விநாடிகளில் வேலையை முடிப்பது நல்லது. பிரிட்ஜ் கிரவுண்ட் வயர் அறுந்திருந்தது. பிரிட்ஜைக் கழற்றி, புதிய வயரின் நுனியை விரித்து பிரிட்ஜுக்கு அடியில் படியவைத்து, மீண்டும் ஸ்க்ரூ போட்டதும் மல்டிமீட்டர் பீப் கொடுத்தது. ஸ்க்ரூ துளை ஒன்று தளர்ந்திருந்தது. பல் குத்தும் மூங்கில் குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துத் திணித்து, ஒரு இரவு விட்டால் இறுகப் பிடிக்கும்.

மின் இரைச்சலைத் தடுக்கும் செப்பு டேப்பை பிக்கப் குழியிலும் கன்ட்ரோல் குழியிலும் ஒட்டும்போது, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஒரு பொட்டு ஈயம் வையுங்கள். பசை மின்சாரம் கடத்தும் என்று அட்டையில் எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். ஜாக்கின் சிக்னல் முனை டேப்பைத் தொட்டால் சத்தம் மொத்தமாக நின்றுவிடும். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் போட வேண்டும்.

இந்த இரைச்சலை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுக் குறைக்க வேண்டும்? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்காருகின்றன. ஜி-யைப் பிடித்து நிறுத்தினால் சத்தம் விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்குவது போல் கேட்கும். வாசிப்பவர் கம்பி கெட்டுவிட்டது என்று நினைப்பார். கித்தாரில் சற்றுத் தள்ளிக் கேட்கும் இரைச்சல், பேஸில் ஸ்வரத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. பி பிக்கப்பின் இரண்டு பாதிகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை என்பதால் அது தானே அமைதியாக இருக்கும். ஜே பிக்கப் மட்டும் திறந்தால் கொஞ்சம் இரையும், அது அதன் இயல்பு. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிரவுண்ட் சரி. தொட்டதும் கூடினால் எங்கோ வயர் மாறியிருக்கிறது.

புதிய கம்பி, பிறகு நெக்

போட்டது 45-65-85-105 (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) நிக்கல் ரவுண்ட்வவுண்ட், அதாவது மேலே உருண்டைக் கம்பி சுற்றியது. சுருதி முறுக்கும் பெக்கைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு, முதலில் கம்பியை மடக்கி, பிறகே வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, அந்தக் கம்பி கடைசி வரை மந்தமாகவே ஒலிக்கும். நான்கு பெக்குகளும் ஒரே வரிசையில் உள்ள ஹெட்ஸ்டாக்கில் ஏ கம்பிக்குச் சுற்றைக் கீழ்வரை கொண்டுபோங்கள். டி, ஜி கம்பிகளை ஹெட்ஸ்டாக்கில் உள்ள தகடு அழுத்திப் பிடிக்கும், ஏ கம்பிக்கு அந்தத் துணை இல்லை. நட்டின் மேல் போதிய கோணம் கிடைக்காவிட்டால் திறந்த (எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாத) ஏ நடுங்கும்.

சுருதியில் ஏற்றியதும் நான்கு கம்பியும் சேர்ந்து நெக்கை 80 கிலோவை ஒட்டிய இழுப்பில் பிடிக்கின்றன. அதனால்தான் ட்ரஸ் ராடைக் கம்பி ஏற்றி, சுருதி சேர்த்த பிறகே அளக்க வேண்டும். இறுக்கும்போது மட்டும் கம்பியைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். வலப்பக்கம் கால் சுற்று, மறுபடி சுருதி, மறுபடி அளவு. 0.9-இலிருந்து 0.6-க்கு வந்தது. இன்னொரு எட்டில் ஒரு சுற்று கொடுத்து, இரவு முழுக்க விட்டதும் 0.35-இல் நின்றது. தேவை 0.3 முதல் 0.35 வரைதான். ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது, மரம் மெதுவாகத்தான் அசையும். பேஸைப் படுக்க வைக்காமல், வாசிக்கும் நிலையில் பிடித்து அளக்க வேண்டும்.

சேடில்களை இறக்கும்போது ஒரு கணக்கு நினைவிருக்கட்டும்: சேடில் 1 மி.மீ. இறங்கினால் 17-ஆவது ஃப்ரெட்டில் 0.6 மி.மீ.தான் இறங்கும். இலக்கு, இ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி-க்கு 2 மி.மீ. நடுவில் உள்ள ஏ, டி இரண்டும் ஃப்ரெட்போர்டின் வளைவை ஒட்டி இருக்க வேண்டும். இந்த பேஸில் ஜி சேடில் அடியில் முட்டிவிட்டது, உயரம் இன்னும் 2.4. இதற்கு மருந்து, நெக் உடலில் உட்காரும் குழியில் ஷிம், அதாவது மெல்லிய அண்டைத் துண்டு. பிரிட்ஜ் பக்க ஓரத்தில் 0.3 மி.மீ. விசிட்டிங் கார்டுத் துண்டு வைத்தால் ஹெட்ஸ்டாக் சற்றுப் பின்னால் சாய்ந்து, சேடிலுக்கு ஏறத்தாழ 1.5 மி.மீ. இடம் கிடைக்கும். அரை மி.மீ. போட்டால் 2.5 வரை போய்விடும், எனவே தாராளம் வேண்டாம். நெக் ஸ்க்ரூவை மறுபடி போடும்போது முதலில் இடப்பக்கம் திருப்பி, பழைய மரையில் 'டக்' என்று விழுந்த பிறகு இறுக்குங்கள். இல்லையென்றால் மரத்தில் புதிய மரை வெட்டிப் பிடிமானம் போய்விடும்.

நட்

மலிவு பேஸில் தொழிற்சாலை கைவைக்காமல் அனுப்பும் இடம் இது. மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளி பார்த்தால் இ கம்பியில் 0.6 மி.மீ. வந்தது. 0.2 போதும். ஜி கம்பிக்கு ஒரு ஏ4 தாள், அதாவது 0.1 மி.மீ., நுழைந்தால் போதும். கம்பி அவ்வளவு உயரத்தில் நிற்பதால் அழுத்தும்போது இழுபடுகிறது, அதனால் சுருதி ஏறுகிறது. இதை சேடிலில் எவ்வளவு திருகினாலும் சரிசெய்ய முடியாது.

நட்டுக்கான அரம் விலை அதிகம். இ கம்பி 2.67 மி.மீ., ஏ 2.16, டி 1.65, ஜி 1.14. கழற்றிய பழைய ரவுண்ட்வவுண்ட் கம்பியே அந்தந்தப் பள்ளத்துக்கு அளவான அரம். மெதுவாகத் தேயும், அதனால்தான் பாதுகாப்பு. அதிகம் எடுக்க வேண்டிய இ-க்கு மட்டும் உருண்டை அரத்தில் தொடங்கி, பழைய கம்பியில் முடிக்கலாம். ஐந்தாறு இழுப்பு, கம்பியை வைத்து, சுருதி சேர்த்து, அளவு. மறுபடி. அரம் ஹெட்ஸ்டாக் பக்கம் சரிந்து இருக்க வேண்டும், கம்பி பள்ளத்தை விட்டுக் கிளம்பும் இடம் ஃப்ரெட்போர்டு பக்க விளிம்பாகவே இருக்க வேண்டும். சரிவு தப்பி, கம்பி பள்ளத்தின் நடுவில் உராய்ந்தால், ஜீவாளி நூல் வைத்த தம்புரா போலத் திறந்த கம்பி 'ஜ்ஜ்' என்று இழுக்கும். தம்புராவில் அதற்காகவே நூல் வைக்கிறோம், பேஸில் அது தொல்லை.

பள்ளம் ஆழமாகிவிட்டால் ஆப்பசோடாவைப் பள்ளத்தில் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் உடனே கல்லாகும். மறுபடி அறுக்கலாம். புகை வரும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

0.2-க்கு இறங்கியதும் முதல் ஃப்ரெட்டின் சுருதி அதிகப்படி 18 சென்டிலிருந்து 4-க்கு வந்தது. இந்த வேலை முழுவதிலும் காதுக்கு மிகப் பெரிய மாற்றம் இங்கேதான். இதற்குச் செலவு ஒரு அரத்தின் விலை.

பிக்கப் உயரமும் இன்டனேஷனும்

இன்டனேஷனுக்கு (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி ஒத்துப்போகும்படி சேடிலை நகர்த்துவது) முன் பிக்கப்பை இறக்க வேண்டும். காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் கம்பியையே இழுத்து, ட்யூனர் முள் நிலைகொள்ளாமல் ஆடும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடையே இ பக்கம் 3.2 மி.மீ., ஜி பக்கம் 2.4 மி.மீ. ஸ்க்ரூவைத் தளர்த்தியும் பிக்கப் மேலே வரவில்லை என்றால் அடியில் உள்ள பஞ்சு செத்துப்போயிருக்கிறது. புதிய பேக்கிங் ஃபோம் ஒரு துண்டு வைத்தால் போதும்.

12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி), அதே இடத்தில் அழுத்திய ஸ்வரம் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அழுத்தியது கூடினால் சேடில் பின்னால் (நெக்கை விட்டு விலகி), குறைந்தால் முன்னால். திறந்த இ 41.2 ஹெர்ட்ஸ். போன் மைக் அதைச் சரியாகப் பிடிக்காது. ஹார்மோனிக்கின் 82.4-இல் சுருதி சேர்ப்பது எளிது. முடிவில் இ சேடில் எல்லாவற்றுக்கும் பின்னாலும் ஜி சேடில் முன்னாலும் நிற்கும். அப்படி இல்லையென்றால் எங்கோ அளவு தவறியிருக்கிறது, அல்லது கம்பி பழசு.

மழைக்காலம் தொடங்கும்போது ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை நெக் வளைவை மட்டும் அளந்தால் போதும். நெக் எந்தப் பக்கம் போகும் என்பது கட்டைக்குக் கட்டை மாறும், அதனால் ஊகத்தில் திருப்ப வேண்டாம்.

மிக்ஸரில் போடும்போது

வீட்டில் பளிச்சென்று கேட்ட பேஸ் ஹாலில் மந்தமாகக் கேட்டால் பிக்கப்பைக் குறை சொல்லும் முன் கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள். பாஸிவ் பேஸை மிக்ஸரின் சாதாரண லைன் இன்புட்டில் நேரே செருகினால், அதன் 10 கே அளவு குறைந்த இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) மேல் ஒலிகளை விழுங்கிவிடும். 1 மெகா ஓம் இன்புட் உள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) நடுவில் இருந்தால் அதே பேஸ் திரும்பப் பேசும். பழைய டிஐ ஒன்றின் விலை நல்ல பிக்கப் செட்டைவிடக் குறைவு.

கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஹாலின் எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஆம்ப், மிக்ஸர் இரண்டையும் எர்த் உள்ள ஒரே மூன்று பின் போர்டுக்கு மாற்றி, எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சோதித்த பிறகே வாசிக்க வேண்டும். இரைச்சலைக் குறைக்க பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டச் சொல்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் இருக்கும், சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சே போதும்.